வெளியே நாற்பத்தொன்று

மதியம் மூன்று மணிக்கு நான்காவது பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கம்பெனி நர்ஸ் கெசியாவின் முதலுதவி அறையில் இருந்தவை இரண்டே கட்டில்கள். இரண்டும் நிரம்பி, மூன்றாவதாக வந்தவள் தரையில் பாயில் கிடந்தாள். மருந்து அலமாரியை ஒட்டியிருந்த பெஞ்சின் மேலிருந்த பஞ்சுக் கட்டுகளை ஒரே கையால் வாரி ஒதுக்கிவிட்டு, "இங்க படுக்க வைங்க, தலைய தாழ்த்தி" என்றாள் கெசியா. வந்தவள் யோகலட்சுமி, நான்காவது லைனில் தைக்கிறவள். குடியாத்தத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். மாதனூர் பக்கம் வாழ்க்கைப்பட்டு ஆறு வருஷமாக இந்த ஷூ கம்பெனிக்கு வருகிறாள். தையல் மெஷினின் ஊசி அவளுடைய இடது ஆள்காட்டி விரல் நகத்தில் இறங்கி உடைந்து நின்றது. மயங்கிச் சரியும்போது கை ஊசிக்கு அடியில் போய்விட்டது. கால் மட்டும் பெடலை விடவில்லை.

ஈரத்துணியால் கழுத்தை ஒற்றி, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டதும் யோகலட்சுமி கண் திறந்தாள். விரலைப் பார்க்கவில்லை. "லைன் நின்னு போச்சா சிஸ்டர்?" என்றாள்.

"லைன் கெடக்கட்டும். அந்தப் பக்கம் பாரு." அவள் திரும்பிய கணத்தில் கெசியா ஊசித் துண்டை இடுக்கியால் பிடுங்கி எடுத்தாள். யோகலட்சுமி கத்தவில்லை. பெஞ்சின் விளிம்பை மறு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். அந்தச் சத்தமில்லாமைதான் கெசியாவை என்னவோ செய்தது. வேலூர் ஆஸ்பத்திரிகளில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவள் அவள். வலி வந்தால் மனிதர்கள் கத்துவார்கள், திட்டுவார்கள், ஆண்டவரைக் கூப்பிடுவார்கள். இங்கே இந்தப் பெண்கள் வெயிலையும் வலியையும் ஏதோ தங்கள் வீட்டுக் கஷ்டத்தை வெளியில் சொல்லக்கூடாது என்பதுபோல வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலமே ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு மேனேஜர் கோபிநாத்தின் அறைக்குப் போனாள். இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் மே மாதம், கத்திரி தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. அந்தப் பத்து நாளில் முப்பத்தோரு பெண்கள் மயங்கி விழுந்திருந்தார்கள். பெயர், லைன் நம்பர், நேரம் எல்லாம் எழுதியிருந்தாள். இருபத்தெட்டு பேர் விழுந்தது மதியம் ஒன்றரைக்கு மேல்.

"ஷிஃப்ட்ட காலைல ஆறுலேர்ந்து ரெண்டு வரைக்கும் வச்சா போதும் சார். கத்திரி முடியற வரைக்கும்."

கோபிநாத் கெட்டவர் இல்லை. கட்டிங் டேபிளில் ஆரம்பித்து இருபது வருஷத்தில் இந்த நாற்காலிக்கு வந்தவர். ரிஜிஸ்டரைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு கண்ணாடி ஜன்னல் வழியாகத் தையல் ஹாலின் வாசலைக் காட்டினார். அங்கே ஒரு சின்ன டிஜிட்டல் பலகை தொங்கியது. போன டிசம்பரில் வந்த ஜெர்மன் பையர், ஷூக்களை வாங்கும் கம்பெனிக்காரர், அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனது. உள்ளே எவ்வளவு சூடு, வெளியே எவ்வளவு சூடு என்று இரண்டு வரியில் காட்டும். வெளிச் சூட்டை அளக்கிற சென்சார், சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி, ஹாலின் மேற்குச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தது.

"பாருங்க. வெளிய அம்பது பாயின்ட் நாலு. உள்ள நாப்பத்தஞ்சு. நம்ம ஷெட்டு அஞ்சு டிகிரி கம்மியா வச்சிக்கினு இருக்குது சிஸ்டர். இவங்க வீட்ல இருந்தா இதவிட ஜாஸ்தியா வேகணும். நான் இன்னா பண்றது, சூரியன ஆஃப் பண்ண முடியுமா? இருபத்தெட்டாம் தேதி பையர் வர்றாரு. அதுவரைக்கும் எதையும் மாத்தற மாதிரி இல்ல."

எண்கள் அவர் பக்கம் இருந்தன. ஹாலில் இருந்த இருநூற்று இருபது பெண்களும் தினம் அந்தப் பலகையின் கீழேதான் நடந்து போனார்கள். வெளியே ஐம்பது என்று படித்துவிட்டு, நல்லவேளை உள்ளே இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு போய் உட்கார்ந்து மயங்கி விழுந்தார்கள்.

சத்துவாச்சாரியில் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கணவர் எபனேசர் வாசலில் நாற்காலி போட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கலெக்டர் ஆபீஸில் குமாஸ்தா. வேலூர் வெயில் மாநிலத்திலேயே முதலிடம் வந்தால் ஏதோ கிரிக்கெட்டில் ஜெயித்த மாதிரி சந்தோஷப்படுகிறவர்.

"நேத்து நூத்தி ஏழு டிகிரி. நாமதான் ஃபர்ஸ்ட்டு. திருத்தணி ரெண்டாவது."

கெசியா கைப்பையை இறக்காமலே நின்றாள். நர்ஸுகளுக்கு இரண்டு டிகிரிக் கணக்கும் தண்ணீர் பட்ட பாடு. பேப்பர்காரன் எழுதுவது ஃபாரன்ஹீட், கம்பெனிப் பலகை காட்டுவது செல்சியஸ். இத்தனை நாளும் இரண்டையும் பார்த்திருக்கிறாள், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. பேப்பரின் ஓரத்திலேயே பேனாவால் போட்டுப் பார்த்தாள். ஐம்பது பாயின்ட் நான்கு என்றால் கிட்டத்தட்ட நூற்று இருபத்து மூன்று.

"வேலூர் நூத்தி ஏழு. இங்கேர்ந்து மாதனூர் முப்பது முப்பத்தஞ்சு கிலோமீட்டர். அதுக்குள்ள பதினாறு டிகிரி ஏறுமா?"

"ஜெர்மன் மெஷின்ம்மா. அது பொய் சொல்லுமா?"

"காபி குடிச்ச வாயில தெர்மாமீட்டர் வச்சா காய்ச்சல்தான் காட்டும்" என்றாள் கெசியா. "தெர்மாமீட்டர் மேல தப்பில்ல. அது காபியோட சூட்ட சொல்லுது. நாமதான் ஆளுக்குக் காய்ச்சல்னு எழுதிக்கிறோம்."

சொல்லி முடித்தபிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கே உறைத்தது.

மறுநாள் மதியம் ஒரு பெண்ணையும் கவனிக்க வேண்டியிராத பத்து நிமிஷத்தில் மேற்குச் சுவர்ப் பக்கம் போய் நின்றாள். சுவரில் கை வைக்க முடியவில்லை. வெள்ளைப் பெட்டியின் மேல் நேர் வெயில். நான்கு மணிக்கு மறுபடி வந்தபோது மேகம் ஒன்று சூரியனை மறைத்தது. ஓடிப்போய்ப் பலகையைப் பார்த்தாள். கால் மணி நேரத்தில் ஐம்பது, நாற்பத்து மூன்றுக்கு இறங்கியிருந்தது. அவள் முகத்தில் பட்ட காற்றில் அந்த ஏழு டிகிரி இறங்கவே இல்லை. மேகம் விலகியது, எண் மறுபடி ஏறியது. சென்சார் காற்றை அளக்கவில்லை, தன் தலையில் விழும் வெயிலையும் முதுகில் சுடும் சுவரையும் அளந்துகொண்டிருந்தது.

அடுத்த நாள் காலை மெயின்டனன்ஸ் ஃபிட்டர் கலீமுல்லாவிடம் விஷயத்தைச் சொன்னாள். ஐம்பது வயது, வாணியம்பாடிக்காரர், எதைக் கொடுத்தாலும் முதலில் குறை சொல்லிவிட்டுப் பிறகு ரிப்பேர் செய்து கொடுப்பவர். இரண்டு பேருமாக ஸ்டோரில் தேடியதில் அந்தக் கருவியின் அட்டைப்பெட்டியும் அதற்குள் பிரிக்காத புத்தகமும் கிடைத்தன. கடைசிப் பக்கத்தில் கெசியா தேடியது இருந்தது. சென்சாரை நேர் வெயிலில் வைக்கக்கூடாது, சுவரில் பொருத்தக்கூடாது, நிழலில் காற்று தாராளமாகப் போய் வரும்படி வைக்கவேண்டும். பக்கத்தில் ஒரு படம்: கவிழ்த்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இடைவெளி விட்டு அடுக்கினது போல ஒரு கூண்டு.

"இதுக்கா இவ்ளோ பேஜாரு" என்றார் கலீமுல்லா. "நிழல்தானே வேணும்? ஒரு டின்ன கவுத்து வச்சா போச்சு."

காலி பசை டின் ஒன்றுக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, பக்கத்துக்கு நாலு ஓட்டை போட்டு, சென்சாரின் மேல் கவிழ்த்து மாட்டினார். அன்று மூன்று மணிக்குப் பலகை ஐம்பத்திரண்டு காட்டியது. கலீமுல்லா டின்னைத் தொட்டுப் பார்த்து, விரலை உதறிக்கொண்டார்.

"அடுப்பு கட்டி வச்சிட்டோம் சிஸ்டர்."

"நிழல் மட்டும் போதாது பாய். உள்ள போன சூடு வெளிய வரணும். அதுக்குத்தான் படத்துல அந்தச் சந்து."

தோற்றதும் கலீமுல்லாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் காலை ஆம்பூர் பஜாரிலிருந்து எட்டு வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகளோடு வந்தார், விளிம்பு நன்றாக வளைந்தவை. மேல் தட்டு இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு மற்றவற்றின் நடுவில் சென்சார் நுழையும் அளவுக்கு வட்டமாக அறுத்தார். எட்டிலும் மூன்று மூன்று ஓட்டைகள். மரை போட்ட மூன்று கம்பிகளில் தட்டுகளைக் கவிழ்த்துக் கோத்து, ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் வயரிங் பைப்பை விரற்கடை நீளத்துக்கு நறுக்கிச் செருகினார். சாய்ந்து வருகிற வெயில் வளைந்த விளிம்பில் தடுக்கி நின்றுவிடும். காற்று எந்தப் பக்கத்திலிருந்தும் நுழைந்து எந்தப் பக்கமும் போகலாம். ஒரு தட்டு மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. கெசியா பரவாயில்லை என்றாள். அவர் கேட்கவில்லை, எல்லாவற்றையும் கழற்றி மறுபடி கோத்தார்.

எங்கே நடுவது என்பதில் கெசியா விட்டுக்கொடுக்கவில்லை. ஹாலுக்கும் வேலிக்கும் நடுவே புல் முளைத்த வெற்றுத்தரை இருந்தது. சுவரிலிருந்து இருபதடி தள்ளி, நெஞ்சுயரத்துக்கு மேல் வருகிற மாதிரி ஒரு இரும்புப் பைப்பை நட்டு, உச்சியில் தட்டுக் கூண்டைப் பொருத்தினார்கள். சென்சார் நடுவில், எந்தத் தட்டிலும் ஒட்டாமல் தொங்கியது.

"மேனேஜர் கேட்டா இன்னான்னு சொல்றது?" என்றார் கலீமுல்லா, கடைசி நட்டை முறுக்கியபடி.

"நான் சொல்லி வச்சீங்கன்னு சொல்லுங்க."

அவர் அவளை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு ஸ்பானரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, "ரெண்டு பேரும் வச்சோம்னு சொல்றேன்" என்றார்.

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பலகையில் 'வெளியே' வரி இறங்கத் தொடங்கியது. நாற்பத்தெட்டு. நாற்பத்து நான்கு. நாற்பத்திரண்டு. சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய பெண்கள் பலகையையும் வேலியோரம் நின்ற தட்டுக் கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கெசியா வாசலில் நின்றிருந்தாள். அவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று ஏன் எதிர்பார்த்தாள் என்று பின்னால் அவளுக்கே புரியவில்லை.

"வெயில கொறச்சிட்டீங்களே சிஸ்டர்" என்றாள் ஒருத்தி. "அம்பது அம்பதுன்னு காட்டினதாலதான் என்னிக்காவது மனசு எறங்கி லீவு குடுப்பாங்கன்னு இருந்தோம். இப்ப அதுவும் போச்சு."

இன்னொருத்தி ஒன்றும் சொல்லாமல் அவளைத் தாண்டிப் போனாள். அது இன்னும் மோசமாக இருந்தது. கெசியா முதலுதவி அறைக்கு வந்து உட்கார்ந்தாள். உண்மையைக் கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பி, இந்தப் பெண்கள் கையிலிருந்த ஒரே சாட்சியையும் பிடுங்கிவிட்டோமா? தட்டுகளைக் கழற்றிப் பழைய சுவரிலேயே மாட்டிவிடச் சொல்லலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் காபி குடித்த வாயில் வைத்த தெர்மாமீட்டரின் எண்ணை அவள் ஒருநாளும் நோயாளியின் சார்ட்டில் எழுதியதில்லை.

இரண்டரை மணிக்கு ஹாலில் ஏதோ மாறியது. முதலில் நான்காவது லைனில் மெஷின் சத்தம் நின்றது, பிறகு மூன்றாவதில். கெசியா மயக்கம்தான் என்று தண்ணீர்ப் பாட்டிலோடு ஓடினாள். யாரும் விழுந்திருக்கவில்லை. கட்டுப்போட்ட விரலை மார்போடு அணைத்துக்கொண்டு யோகலட்சுமி பலகையின் கீழே நின்றிருந்தாள். எழுத்துக்கூட்டுவதுபோல மெதுவாக, ஆனால் ஹால் முழுக்கக் கேட்கிறபடி படித்தாள்.

"வெளியே நாப்பத்தொன்னு பாயின்ட் மூணு. உள்ளே நாப்பத்தஞ்சு பாயின்ட் ஆறு." திரும்பி கெசியாவைப் பார்த்தாள். "அப்போ வெளிய விட உள்ளதான் ஜாஸ்தியா சிஸ்டர்?"

"ஆமா" என்றாள் கெசியா. "எப்பவுமே அப்படித்தான் இருந்திருக்கு. இன்னிக்குத்தான் தெரியுது."

யாரும் கோஷம் போடவில்லை. யோகலட்சுமி தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே நடந்து, வேலியோரத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். அவள் லைன் முழுக்க அவளுக்குப் பின்னால் போயிற்று. பிறகு மற்ற லைன்கள். கொஞ்ச நேரத்தில் இருநூற்று இருபது பெண்களும் மர நிழலிலும் காம்பவுண்ட் நிழலிலும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெளியில் வந்து உட்கார்ந்தால் வெந்துவிடுவோம் என்று கத்திரி தொடங்கியதிலிருந்து நம்பியிருந்தவர்கள். ஒருத்தி முந்தானையை விலக்கிக் கழுத்தில் காற்று வாங்கிக்கொண்டு, "நல்லாத்தான் கீது" என்றாள்.

கோபிநாத் வேகமாக வந்தார். முதலில் பெண்களைப் பார்த்தார், பிறகு கம்பத்தை.

"இன்னா இது? யாரு வச்சாங்க? பையர் குடுத்த மெஷின இப்படித்தான் கெடுத்து வைப்பீங்களா?"

"ரெண்டு பேரும் வச்சோம் சார்" என்றார் கலீமுல்லா.

கெசியா பையிலிருந்து பத்து நாள் பேப்பர் துண்டுகளை எடுத்தாள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் வேலூர் வெப்பத்தை செல்சியஸில் மாற்றி எழுதியிருந்தாள். நாற்பத்தொன்று, நாற்பத்தொன்றரை, நாற்பத்திரண்டு. ஒரு நாள்கூட ஐம்பதில்லை. "என்ன நம்ப வேணாம் சார். கெமிக்கல் லேப்ல கண்ணாடி தெர்மாமீட்டர் இருக்கு. நீங்களே எடுத்தாந்து பாருங்க. மொதல்ல மர நெழல்ல, அப்புறம் ஹால்ல."

அவர் மறுத்திருக்கலாம். ஆனால் இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைவிட, ஒரு தோலின் தடிமனை ஆள் சொல்லிக் கேட்காமல் தானே அளந்து பார்த்துப் பழகிய கை அவருடையது. தெர்மாமீட்டரை வரவழைத்தார். நூலில் கட்டி வேப்பங்கிளையில் தொங்கவிட்டு, பத்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாற்பத்தொன்று. அதை எடுத்துக்கொண்டு ஆளில்லாத ஹாலுக்குள் போனார். நான்காவது லைனில் யோகலட்சுமியின் மெஷின் விளக்கில் மாட்டிவிட்டு அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்தார்.

கெசியா வாசலிலிருந்து பார்த்தாள். தலைக்கு மேலே மின்விசிறிகள் தகரக் கூரையின் சூட்டை வாரி வாரிக் கீழே இறைத்துக்கொண்டிருந்தன. ஐந்து நிமிஷத்தில் கோபிநாத்தின் சட்டை முதுகோடு ஒட்டியது. பத்து நிமிஷத்தில் கழுத்துப் பட்டனைக் கழற்றினார். தெர்மாமீட்டர் நாற்பத்தைந்தைத் தாண்டி நின்றது. அவர் அதைப் பார்த்துவிட்டும் எழுந்திருக்கவில்லை. மெஷினின் பக்கவாட்டில் காய்ந்திருந்த ரத்தத் துளி ஒன்றைக் கட்டை விரல் நகத்தால் சுரண்டினார். இன்னும் கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்தபோது முகம் சிவந்து, உதடு உலர்ந்திருந்தது. கெசியா தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தார்.

"திங்கள்லேர்ந்து ஆறு மணி ஷிஃப்ட்" என்றார். "ரெண்டு மணிக்கு மேல ஒரு மெஷினும் ஓடக்கூடாது. பஸ்ஸ நாலே முக்காலுக்கு எடுக்கச் சொல்றேன்."

வேப்பமரத்தடியில் முதலில் எழுந்தது சந்தோஷம் இல்லை. மூன்றரைக்கே எழுந்து சோறாக்கணுமா என்று ஒரு முணுமுணுப்பு. அதற்குப் பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பக்கத்துக்குப் பரவி, காம்பவுண்ட் வரைக்கும் போய், வெகுநேரம் அடங்கவில்லை. மதியம் பேசாமல் தாண்டிப் போனவள் கெசியாவின் பக்கம் வந்து, இதற்கும் ஒன்றும் பேசாமல், அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

கோபிநாத் போகாமல் தட்டுக் கம்பத்தின் பக்கத்தில் நின்று, சந்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "இத்தன தட்டு எதுக்கு? ஒன்னு போதாதா?"

"மேல் தட்டு வெயில வாங்கிக்கும் சார். அது வாங்கின சூடு இந்தச் சந்து வழியா போய்டும். கீழ வராது" என்றார் கலீமுல்லா, அதை ஜெர்மன்காரனுக்கே தான்தான் சொல்லிக்கொடுத்த மாதிரி. பிறகு ஹாலின் கூரையைப் பார்த்தார். "சார், நம்ம ஷெட்டுக்குச் சந்தே இல்ல. டின்ன கவுத்து வச்ச மாதிரி வச்சிருக்கோம். உச்சி ஷீட்ட தூக்கி, கீழ இரும்பு ஆங்கிள் கொடுத்து ஒரு முழம் மேல நிக்க வச்சா..."

"மழை?"

"ரெண்டு பக்கமும் இறக்கி விட்டுடலாம். கீழ ஜன்னல தொறந்து வலை போடணும். தூசிக்குப் பயந்து ஆணி அடிச்சி வச்சிருக்கமே, அத."

ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்தார்கள். கெசியா ஆராதனை முடிந்து, கோயிலுக்குக் கட்டிய புடவையோடு பஸ் பிடித்து வந்துவிட்டாள். லீவு நாளாக இருந்தும் யோகலட்சுமியும் இருபது முப்பது பெண்களும் வந்திருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. ஜன்னல்களின் ஆணிகளைப் பிடுங்கித் திறந்தார்கள். மேலே கலீமுல்லாவும் நான்கு ஆட்களும் கயிறு கட்டிக்கொண்டு உச்சி ஷீட்டுகளின் போல்ட்டுகளைக் கழற்றும் சத்தம் காலி ஹாலில் மணியடிப்பது போல விழுந்தது.

"தள்ளிப் போங்க எல்லாரும்" என்று மேலிருந்து குரல் வந்தது.

முதல் ஷீட் நகர்ந்தது. ஹாலின் இந்தக் கோடியிலிருந்து நடுவரைக்கும் ஒரு நீளமான வெளிச்சக் கோடு மெஷின்களின் மேல் விழுந்தது. பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கூரைச் சட்டங்களில் வருஷக்கணக்காக அப்பிக்கிடந்த நூல் பிசிர்கள் ஒன்றிரண்டு அசைந்தன. கெசியாவின் கணுக்காலில் ஜன்னல் பக்கமிருந்து காற்று பட்டது. பிசிர்கள் எல்லாம் ஒரே திசைக்கு, மேலே, சாய்ந்தன. பிறகு ஒவ்வொன்றாகப் பிடி விட்டு, சிவப்பும் கறுப்பும் வெள்ளையுமாக, அந்த வெளிச்சத்தில் ஏறி வானத்துக்குள் போகத் தொடங்கின.